மூளைக்கலத்தின் முள்ளை எண்ணுவது எப்படி?

கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்க்கும்போது ஒரு வாதைக் கிட்டப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தள்ளியிருக்கும். மூளைக்கலத்தின் கிளையான டென்ட்ரைட்டும் நுணுக்குக்காட்டியில் அப்படித்தான் தெரியும். அந்த முளைக்குப் பெயர் முள். கலத்தைத் தூண்டும் சினாப்ஸ்கள், அதாவது இன்னொரு கலத்திடமிருந்து செய்தி வாங்கும் சந்திப்புகள், பெரும்பாலும் முள்ளின் தலையில்தான் இருக்கின்றன. அனுபவத்துக்கேற்ப முட்கள் முளைக்கும், பருக்கும், உதிரும். அதைக் கணக்கெடுக்கச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியே போதும்.

முதலில் விலங்காய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி. அது இல்லாமல் எலியைத் தொடாதீர்கள்.

அடுத்து சாயம். இத்தாலிய மருத்துவர் கொல்கி 1873இல் வெளியிட்ட கறுப்புச் சாய முறையைக் கொக்ஸ் என்ற ஆய்வாளர் பிறகு மாற்றியமைத்தார். 5% பொற்றாசியம் டைகுரோமேற்று 50 மில்லிலீற்றர், 5% மேக்கூரிக் குளோரைட்டு 50, இரண்டையும் கலந்து, 5% பொற்றாசியம் குரோமேற்று 40, காய்ச்சி வடித்த நீர் 100 சேருங்கள். உலோகக் கரண்டி கூடாது. மேக்கூரிக் குளோரைட்டில் இருக்கும் பாதரசம் கொடிய நஞ்சு. கையுறை கட்டாயம், கழிவுக்குத் தனிப் போத்தல். பேராதனைப் பக்கம் சிங்க்கில் ஊற்றுவது மகாவலி ஆற்றில் ஊற்றுவது மாதிரி.

எலியின் மூளையை இதில் இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள், ஒரு நாள் கழித்துக் கரைசலை மாற்றி. அப்புறம் சுமார் 150 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, ஜெலற்றின் பூசிய வழுக்கியில் ஒட்டிக் காயவிட்டு, அமோனியாவில் கறுக்க வையுங்கள். காயவிடுவதில் அவசரம் வேண்டாம். கண்டி மழையில் ஒரே இரவில் காய்ந்துவிடும் என்று நம்பினேன். காலையில் அமோனியாவில் இறக்கியதும் சீவல்கள் எல்லாம் கழன்று மிதந்தன.

நூறில் ஒரு சில கலங்களே கறுக்கும். அதுவே நல்லது, எல்லாம் கறுத்தால் ஒன்றுமே தெரியாது.

சரி, எண்ணுவோம். இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். நூறு மடங்கு எண்ணெய் வில்லையில், குவியத்தை மெல்ல மாற்றியபடி படங்களை அடுக்காக எடுத்து, இலவச மென்பொருளான பிஜியில் திறவுங்கள். கலவுடலுக்கு ஒட்டிய பகுதியை விட்டு, தனியாகத் தெரியும் கிளைத்துண்டில் 10 மைக்ரோமீற்றருக்கு எத்தனை முள் என்று எண்ணுங்கள். கழுத்தும் பெரிய தலையும் இருந்தால் காளான் வகை, கழுத்தில்லாவிட்டால் குட்டை, நீண்டு மெலிந்திருந்தால் மெல்லியது. எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல் எண்ண வேண்டும்; வழுக்கியின் பெயரை நண்பர் ஒருவர் தாள் ஒட்டி மறைக்கட்டும். ஒரே எலியின் முப்பது துண்டுகளை முப்பது மாதிரிகள் என்று எழுதிவிடாதீர்கள், எலி ஒன்றுதான்.

கிளைக்கு மேலும் கீழும் ஒளிந்திருக்கும் முட்கள் கணக்கில் வராது. இன்றைய முள் நாளை இருக்கிறதா என்றும் இம்முறையில் பார்க்க முடியாது. அதற்கு ஒளிரும் புரதம் கொண்ட உயிருள்ள எலியும் உயிருள்ள மூளைக்குள்ளேயே பார்க்கும் இரு-போட்டோன் நுணுக்குக்காட்டியும் வேண்டும்.