பிரெஞ்சுப் படைத் தலைமையைத் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் மொழிபெயர்ப்புப் பழகும் இருவர், பிரான்சின் விண்வெளிப் பாதுகாப்பு பற்றிய ஒரு செய்தியைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார்கள். சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் பத்தியில் ஒரு தளபதி குடியரசுத் தலைவரின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் பத்தியில் ஒரு குடிமை நிறுவனம் படைப்பிரிவாக மாறியிருந்தது. நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். பெயர்களின் உச்சரிப்பு, தேதி எழுதும் முறை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அகராதியைப் பார்த்தால் தீரும். அகராதியைப் பார்த்த பிறகும் தங்கிவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

'அர்மே' என்றதும் 'இராணுவம்' என்று எழுதுவது

பிரெஞ்சில் 'அர்மே' என்றால் படை. தரைப்படையும் ஓர் அர்மே, வான்படையும் ஓர் அர்மே. பன்மையில் வந்தால் முப்படைகளும் சேர்ந்தது. 2017 முதல் அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயரிலேயே அந்தப் பன்மைதான் இருக்கிறது.

தமிழில் 'இராணுவம்' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. சில நேரம் தரைப்படையைக் குறிக்கிறது, சில நேரம் ஆயுதப்படைகள் அனைத்தையும். இந்த வழுக்கலில்தான் விழுகிறோம். 2017 ஜூலை 19 அன்று பியேர் தெ வில்லியே பதவி விலகினார். படைகளின் செலவில் 85 கோடி யூரோவை அரசு வெட்டியதை அவர் எதிர்த்ததால் எழுந்த மோதல் அது. அதை 'பிரெஞ்சு இராணுவத் தளபதி ராஜினாமா' என்று எழுதினால் தரைப்படைத் தளபதி போய்விட்டார் என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். அவர் முப்படைகளுக்கும் தலைமைத் தளபதி. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தப் பதவியில் இருக்கும் ஃபாபியான் மாந்தோன் வான்படையிலிருந்து வந்தவர். பிரெஞ்சு வான்படையிலும் 'ஜெனரல்' என்றே பதவி உண்டு. ஏர் மார்ஷல் என்று கேட்டுப் பழகிய நமக்கு 'ஜெனரல்' என்றவுடன் தரைப்படைச் சீருடைதான் கண்முன் வருகிறது.

தரைப்படை என்றால் தரைப்படை என்றே எழுதுங்கள். மூன்றும் என்றால் முப்படை.

இரண்டு 'ஷெஃப்'களை ஒருவராக்குவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

'ஷெஃப் தேஸ் அர்மே' என்றால் படைகளின் தலைவர். 1958 அரசமைப்பின் 15ஆம் பிரிவு இந்தப் பட்டத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. 'ஷெஃப் தெத்தா-மஷோர் தேஸ் அர்மே' என்றால் முப்படைத் தலைமைத் தளபதி, சீருடையில் இருப்பவர். நடுவில் வரும் 'எத்தா-மஷோர்' (படைத் தலைமை அலுவலகம்) என்ற ஒரே சொல்லில் மொத்த வேறுபாடும் அடங்கியிருக்கிறது. தளபதிக்கு மேலே ஆணையிடும் குடிமை அரசு இருக்கிறது என்பதை அந்தச் சொல்தான் காட்டுகிறது. தமிழில் சுருக்கி எழுதும் அவசரத்தில் முதலில் கழன்று விழுவதும் அதுதான்.

2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படைகள் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலிக்குள் நுழைந்தபோது ஒரு சிற்றிதழுக்காக விரைந்து ஒரு கட்டுரை மொழிபெயர்த்தேன். மூலத்தில் 'படைகளின் தலைவர் முடிவெடுத்தார்' என்று பெயரில்லாமல் இருந்தது. வாசகருக்கு உதவுவதாக நினைத்து நானே பெயரைச் சேர்த்தேன்: அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் எதுவார் கியோ. உண்மையில் ஜனவரி 11 அன்று அந்த முடிவை எடுத்தவர் குடியரசுத் தலைவர் பிரான்சுவா ஒலாந்த். என் வரியைப் பெரிய எழுத்தில் பெட்டிகட்டி அச்சிட்டிருந்தார்கள்.

இதழ் வந்த மூன்றாம் நாள் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். ஊரில் 'சொல்தா' என்பார்களே, அவர்களில் ஒருவர். "தம்பி, நீங்கள் எழுதியிருப்பது சரியென்றால் பிரான்சில் போருக்கு ஆணையிடுகிறவர் ஓர் அட்மிரல். நான் இருபது ஆண்டு சேவை செய்த நாடு அதுவல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டார். மேலே குடியரசுத் தலைவர் மாளிகையின் பெயரான 'எலிசே' என்று எழுதினார், கீழே 'எத்தா-மஷோர்' என்று எழுதினார். இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, "இந்த இடைவெளிக்காக ஒரு நாடு உடையப் பார்த்தது" என்றார். 1961 ஏப்ரலில், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்சில், ஓய்வுபெற்ற நான்கு ஜெனரல்கள் அன்றைய குடியரசுத் தலைவர் தெ கோலுக்கு எதிராக எழுந்த கலகத்தைச் சொன்னார். அந்தக் கலகத்தின் நினைவுள்ள ஒரு நாட்டில் முடிவெடுப்பவர் தளபதி என்று எழுதுவது சிறு சறுக்கல் ஆகாது.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. ஆனால் என் தவறான வரியை எடுத்துக்கொண்ட வேறு சிலர் திருத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கடந்த ஆண்டுகூட ஒரு மாணவியின் கட்டுரையில் அதே வரியை, என் சொற்களிலேயே பார்த்தேன்.

ஆகவே ஆணை இறங்கிவரும் படிகளைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். படைகளின் தலைவர் குடியரசுத் தலைவர்; அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவும் அவர் ஒருவருடையதே. 21ஆம் பிரிவின்படி தேசப் பாதுகாப்புக்குப் பிரதமர் பொறுப்பு. 2008இல் திருத்தப்பட்ட 35ஆம் பிரிவின்படி வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு மாதங்களைத் தாண்டினால் அதன் ஒப்புதல் வேண்டும். மாலிக்கு அந்த ஒப்புதல் 2013 ஏப்ரல் 22 அன்று கிடைத்தது. இவற்றுக்குக் கீழேதான் முப்படைத் தலைமைத் தளபதி வருகிறார். எடுக்கப்பட்ட முடிவைப் போர்க்களத்தில் நடத்துவது அவர் வேலை. பாரிசின் பலார் பகுதியில் இருக்கும் தலைமையகத்திலிருந்து அதை நடத்துகிறார்.

மூன்றாவதாக இன்னொரு 'ஷெஃப்' இருக்கிறார்: குடியரசுத் தலைவரின் தனிப் படை அலுவலகத்தின் தலைவர். எலிசே மாளிகையில் அவருக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி. மாந்தோன் இப்போதைய பதவிக்கு வருமுன் அங்கேதான் இருந்தார். அவரைப் பற்றிய பழைய செய்தியையும் புதிய செய்தியையும் ஒரே பட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

'படைகளின் தலைவர்' என்று மூலத்தில் வந்தால் நான் இப்போது 'படைகளின் தலைவரான குடியரசுத் தலைவர்' என்றே எழுதுகிறேன். நீளம்தான், இருக்கட்டும்.

இந்தியக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது

2020 முதல் இந்தியாவிலும் முப்படைத் தலைமைத் தளபதி இருக்கிறார். பெயர் ஒன்று, அதிகாரம் வேறு. அந்தப் பதவியை உருவாக்கியபோதே, மூன்று தளபதிகள் மீதோ படைகள் மீதோ அதற்குக் கட்டளை அதிகாரம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. பிரான்சில் நேர்மாறு. அங்கே மூன்று படைத் தளபதிகளும் ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஆயத்தநிலையில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆயத்தப் படையை எடுத்துக் களத்தில் நடத்துகிறவர் முப்படைத் தலைமைத் தளபதி. ஆயுதம் வாங்குவது இவர்களில் எவருமில்லை. அதற்கு 'தெஜெஆ' என்ற ஆயுதத் தலைமை இயக்ககம் தனியாக, நேரடியாக அமைச்சரின் கீழ் இருக்கிறது.

'கடற்படைத் தளபதி கப்பலை அனுப்பினார்' என்று எழுதும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கப்பலை ஆயத்தம் செய்தவர் அவர். அனுப்பியவர் வேறொருவர்.

விண்வெளிக் கட்டளையகத்தை நான்காவது படையாக்குவது

அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிப் படையைத் தனிப் படையாக அமைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று பிரான்சின் விண்வெளிக் கட்டளையகம் பிறந்தது. ஆண்டு ஒன்று என்பதால் அமைப்பும் ஒன்றுதான் என்று எழுதிவிடுகிறார்கள். பிரான்ஸ் தனிப் படை அமைக்கவில்லை. இருந்த வான்படைக்குள் விண்வெளியைச் சேர்த்து, 2020இல் அதன் பெயரை 'வான் மற்றும் விண்வெளிப் படை' என்று மாற்றியது. கட்டளையகம் அந்தப் படையின் உறுப்பு. அதன் ஆட்களும் பயிற்சியும் அந்தப் படைத் தளபதியின் பொறுப்பு. ஆனால் விண்வெளியில் நடக்கும் படை நடவடிக்கைக்கு அது முப்படைத் தலைமைத் தளபதியிடம் பதில் சொல்கிறது. மேலே சொன்ன ஆயத்தம், நடத்துதல் என்ற பிரிவினைதான் இங்கேயும். அதைப் புரிந்துகொள்ளாதவருக்கு இது ஒரு கட்டளையகத்துக்கு இரண்டு எசமானர் என்ற குழப்பமாகத் தெரியும்.

இது திடீரென முளைத்ததும் அல்ல. 2010இலேயே முப்படைகளுக்குப் பொதுவான ஒரு சிறிய விண்வெளிக் கட்டளையகம் இருந்தது. 2017இல் ரஷ்யாவின் லூச்-ஒலிம்ப் செயற்கைக்கோள், பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து ஏவிய அத்தேனா-ஃபிதுஸ் என்ற படைத் தொடர்புச் செயற்கைக்கோளின் அருகே வந்து நின்றது. 2018 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஃப்ளோரான்ஸ் பார்லி அதைத் துலூஸ் நகரில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் மக்ரோன் கட்டளையகத்தை அறிவித்தார்.

படத்தை எடுத்தது யார் என்று ஒரே பெயரைப் போடுவது

பிரான்சின் உளவு செயற்கைக்கோள்களான மூன்று சி.எஸ்.ஓ.க்கள் 2018, 2020, 2025 ஆண்டுகளில் ஏவப்பட்டன. அவற்றிலிருந்து வரும் ஒரு படத்தின் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று பாருங்கள். செயற்கைக்கோள் திட்டத்தை மொத்தமாக நடத்தியது ஆயுதத் தலைமை இயக்ககம். அதன் சார்பில் செயற்கைக்கோளை வாங்கியதும், சுற்றுப்பாதையில் துலூஸிலிருந்து ஓட்டுவதும் 'க்னெஸ்' என்ற குடிமை விண்வெளி நிறுவனம். எந்த இடத்தை, எப்போது எடுக்க வேண்டும் என்று நிரல் போடுவது கட்டளையகத்தின் கண்காணிப்பு மையம். அது பாரிசுக்கு வடக்கே கிரேய் தளத்தில் நெடுங்காலம் இயங்கியது. வந்த படத்தில் இருப்பது லாரியா, ஏவுகணை வண்டியா என்று சொல்வது படை உளவுத்துறை. 'பிரெஞ்சு விண்வெளிப் படை எடுத்த படம்' என்று எழுதினால் இதில் எதுவுமே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

க்னெஸ் 1961இல் அமைக்கப்பட்ட தேசிய விண்வெளி ஆய்வு மையம். நம் இஸ்ரோவோடு நெடுங்காலமாகச் சேர்ந்து வேலை செய்கிற அதே நிறுவனம். அதன்மீது பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் மேற்பார்வை உண்டு. கட்டளையகம் அதன் துலூஸ் வளாகத்திலேயே குடியேறியிருக்கிறது. அதனால் அது படையாகிவிடாது. என் மாணவர்கள் மூன்றாம் பத்தியில் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

ரேடார் பற்றியும் ஒரு வார்த்தை. செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் 'கிராவ்' ரேடார் ஒரே இடத்தில் இல்லை. அலையை அனுப்பும் நிலையம் திஜோன் நகருக்குக் கிழக்கே இருக்கிறது. திரும்பி வருவதைப் பிடிக்கும் நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே, முன்பு அணு ஏவுகணைக் கிடங்குகள் இருந்த அல்பியோன் பீடபூமியில் இருக்கிறது. 'திஜோன் ரேடார்' என்று எழுதினால் பாதி ரேடார்தான்.

நட்சத்திரங்களை எண்ணுவது

பிரெஞ்சு ஜெனரல்களுக்கு நட்சத்திரம் இரண்டிலிருந்து தொடங்குகிறது. அங்கே நான்கு நட்சத்திரம் என்றால் நம் லெப்டினன்ட் ஜெனரல். ஐந்து என்றால்தான் ஜெனரல்.

'மரீன்' காலாட்படையைக் கப்பலில் ஏற்றுவது

பெயரில் கடல் இருந்தாலும் அது தரைப்படையின் உறுப்பு. புதுச்சேரி சொல்தாக்கள் பலர் அதில் இருந்தவர்கள், அவர்களைக் கேளுங்கள்.

ஜாந்தார்ம்

காவல்துறை வேலை பார்த்தாலும் படைவீரர்தான். 2009 முதல் உள்துறை அமைச்சரின் கீழ்.

கூரூ

தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவில் இருக்கும் ஏவுதளம். அது படைத்தளம் அல்ல; படைகள் அதைக் காவல் காக்கின்றன.