டாக்டர் கைவிரிச்சப்புறம் ஒரு விசுவாசி வீட்டுல என்ன செய்யலாம்

இதுல அற்புத சுகத்துக்கு வழி எதுவும் சொல்லப்போறதில்ல. சுகம் கேட்டு ஜெபிக்கிறவங்க தாராளமா ஜெபிங்க, நானும் ஜெபிப்பேன். ஆனா ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்துட்டு டாக்டர் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, பிடிச்சதெல்லாம் குடுங்க"ன்னு சொல்லிட்டாருன்னா, அதுக்கப்புறம் கையில இருக்கிறது சில நாளோ சில மாசமோ, அத பயத்துலயே கழிக்காம கர்த்தருக்குள்ள எப்படி கழிக்கலாம்னு, சபையில வியாதியஸ்தர விசாரிக்கப் போற குரூப்போட வீடு வீடா போறதுல பாத்ததையும் பைபிள்ல படிச்சதையும் சேத்து சொல்றேன்.

மொதல்ல ஒரு பாரத்த இறக்கி வைங்க. விசுவாசின்னா கடைசி வரைக்கும் முகத்துல சிரிப்பு இருக்கணும், அழுதா சாட்சி கெட்டுப்போகும்னு நம்ம ஆளுங்க மனசுல ஒரு எண்ணம் உக்காந்திருக்கு, அது எங்கேர்ந்து வந்துச்சோ, பைபிள்ல இருந்து நிச்சயமா வரல. செத்துப்போன லாசருவ இன்னும் கொஞ்ச நேரத்துல உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அவன் கல்லறைக்குப் போற வழியில இயேசு கண்ணீர் விட்டார். பவுல பாருங்க, தன் சாவு பக்கத்துல வந்துட்டுதுன்னு தெரிஞ்சு எழுதின 2 தீமோத்தேயு நாலாம் அதிகாரம். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்"ங்கிற வசனத்த நாம கல்லறையில எல்லாம் பொறிச்சு வைக்கிறோம், ஆனா அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ வந்து பாருங்க, துரோவாவுல கார்ப்புகிட்ட வெச்சுட்டு வந்த மேலங்கிய எடுத்துட்டு வா, புஸ்தகங்களயும் தோற்சுருளயும் எடுத்துட்டு வா, மாரிகாலத்துக்கு முன்னாடி வந்து சேருன்னு கேட்டு எழுதுறார். நீதியின் கிரீடம் காத்திருக்குன்னு நம்புற அதே மனுஷன் குளிருக்குப் போத்திக்க துணி கேக்குறார், பக்கத்துல ஆள் வேணுங்கிறார், கூட இருந்த தேமா விட்டுட்டுப் போயிட்டான்னு வருத்தப்படுறார். கடைசி நாட்களுக்கு வழி காட்ட எனக்கு இந்த ஒரு அதிகாரமே போதும்னு தோணும். கிரீடத்தையும் நம்பலாம், போர்வையும் கேக்கலாம், ரெண்டுக்கும் சண்டை கிடையாது.

அதனால போர்வையில இருந்தே ஆரம்பிப்போம், அதாவது வலி. உடம்பு துடிச்சிட்டு இருக்கும்போது யாராலயும் சங்கீதம் தியானிக்க முடியாது. "இயேசு எவ்வளவு வலி தாங்கினார், நீயும் தாங்கு"ன்னு சொல்ற பெரியவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அவங்கள கொஞ்சம் தள்ளியே வைங்க. சிலுவையில மொதல்ல குடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்த அவர் வாங்கல, உண்மைதான், ஆனா அப்புறம் அவரே "தாகமாயிருக்கிறேன்"னு கேட்டு காடிய வாங்கிக்கிட்டார், அதையும் சேத்துத்தான் வாசிக்கணும். மடிந்துபோகிறவனுக்கு மதுபானம் குடுங்கன்னு நீதிமொழிகள் 31லயே இருக்கு, அந்தக் காலத்துல வலிக்கு அதுதான் மருந்து. இன்னைக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கு. அத பழக்கமாயிடும், போதையாயிடும்னு பயந்து மறுக்கிற குடும்பங்கள் நிறைய, ஆனா பாலியேட்டிவ் டாக்டர், அதாவது குணமாக்க முடியாத வியாதியில வலியையும் தொந்தரவையும் குறைக்கிற டாக்டர், பாத்து அளவோட குடுத்தா அந்தப் பயம் வேண்டாம். போதைப்பொருள் சட்டத்த 2014ல திருத்தி, வலி மருந்து கிடைக்கிறத கொஞ்சம் சுலபமாக்கியும் இருக்காங்க. தமிழ்நாட்டுல 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பாக்குறதும் சேர்த்தி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் கேளுங்க. சொல்லப்போனா இந்த பாலியேட்டிவ் கேர்ங்கிற யோசனைய இன்னைக்கு இருக்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்ததே சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு கிறிஸ்தவ டாக்டரம்மாதான், 1967ல லண்டன்ல ஹாஸ்பிஸ், அதாவது சாகப்போறவங்கள வெச்சுப் பாத்துக்கிற இடம், ஆரம்பிச்சாங்க. சாகப்போறவங்க வலியில உடம்பு வலி ஒரு பங்குதான், மனசு, குடும்பம், ஆத்துமா எல்லாமே சேந்து வலிக்குது, எல்லாத்தையும் சேத்துதான் பாக்கணும்னு அவங்க சொன்னாங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் அது சரின்னு தெரியும்.

அடுத்தது உண்மைய சொல்றது. நம்ம வீடுகள்ல இதுதான் பெரிய சிக்கல். "அம்மாவுக்கு தெரியக்கூடாது, தெரிஞ்சா தாங்க மாட்டாங்க"ன்னு எல்லாரும் சேந்து நாடகம் போடுவாங்க, அம்மாவுக்கோ எப்பவோ தெரிஞ்சிருக்கும், பிள்ளைங்க தாங்க மாட்டாங்கன்னு அவங்க ஒரு பக்கம் நடிச்சிட்டு இருப்பாங்க, கடைசியில ஒருத்தருக்கும் மனசு விட்டுப் பேச வாய்ப்பே இல்லாம போயிடும். எசேக்கியா ராஜா சாகுற வியாதியில கெடந்தப்ப கர்த்தரே ஏசாயாவ அனுப்பி நேரா சொல்ல வெச்சார், உன் வீட்டுக் காரியத்த ஒழுங்குபடுத்துன்னு. அவர் முகத்த சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டு ஜெபம் பண்ணினார், ரொம்ப அழுதார். அந்த வரிசை நல்லா இருக்கு, மொதல்ல உண்மை, அப்புறம் ஜெபமும் அழுகையும். (அவருக்கு 15 வருஷம் கூடக் கெடச்சுது, எல்லாருக்கும் அப்படி கெடைக்கும்னு அங்க யாரும் சொல்லல.) எப்படி சொல்றதுன்னு தெரியலன்னா மொத்தமா போட்டு உடைக்காம, "உங்களுக்கு என்னன்னு என்ன நெனக்கிறீங்கம்மா"ன்னு கேட்டுப் பாருங்க, பாதி அவங்களே சொல்லிடுவாங்க. சிலபேருக்கு கேக்க இஷ்டம் இருக்காது, அவங்கள விட்டுடுங்க.

இப்ப வசனம். நோயாளிகிட்ட ஒரு அதிகாரம் முழுசா வாசிக்காதீங்க, மூச்சு விடவே கஷ்டப்படுறவங்களுக்கு ரெண்டு வசனம் ஜாஸ்தி. ஒண்ணு எடுத்து நிறுத்தி நிதானமா வாசிங்க, கொஞ்சம் விட்டு திரும்ப அதையே வாசிங்க, நாள் முழுக்க அதுவே ஓடட்டும். சின்ன வயசுல எந்த பைபிள்ல மனப்பாடம் பண்ணாங்களோ அதுலயே வாசிக்கணும், இது ரொம்ப முக்கியம். சிஎஸ்ஐ ஆளுக்கு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"தான் உள்ள போகும், கத்தோலிக்க வீட்டுல "ஆண்டவர் என் ஆயர்"னு வாசிங்க. ஞாபகம் தப்பிப்போன பாட்டிங்க கூட நாம பாதியில நிறுத்தினா மீதிய சொல்லி முடிப்பாங்க. 23ம் சங்கீதம் தெரியாதவங்க இல்ல, அதோட யோவான் 14ஓட ஆரம்பம், ரோமர் 8ஓட கடைசி ரெண்டு வசனம், ஏசாயா 43:2 இதெல்லாம் வெச்சுக்கோங்க. நான் அடிக்கடி வாசிக்கிறது ரோமர் 14:8, "பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்களாயிருக்கிறோம்". இதுல நம்ம விசுவாசம் பெருசா சின்னதாங்கிற கேள்வியே வரல பாருங்க, நாம யாருக்குச் சொந்தம்ங்கிறது மட்டும்தான் வருது. விசுவாசம் ஆடிப்போய் கெடக்குறவங்களுக்கு அதுதான் தேவைப்படுது.

வருஷப் பிறப்பு அன்னைக்கு எடுத்த வாக்குத்தத்த கார்டு சுவத்துல மாட்டியிருக்கும், "நீ சாகாமல் பிழைத்திருப்பாய்" மாதிரி ஏதாச்சும். அத காட்டி காட்டி உரிமை பாராட்டச் சொல்லி நெருக்காதீங்க. அப்புறம் அவங்க சாகுறதே தேவனுக்கு முன்னாடி தோத்துப்போன மாதிரி அவங்களுக்குப் படும்.

கோவம் வந்தா? வரட்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ம் சங்கீதம் கேக்குது. 88ம் சங்கீதம் இன்னும் மோசம், ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் இருட்டுதான், கடைசியில கூட ஒரு ஸ்தோத்திரம் கெடையாது, இருந்தும் பைபிள்ல அதுக்கு எடம் குடுத்திருக்காங்க. ராத்திரி தூக்கம் வராம கெடக்கும்போது துதிக்க முடியலன்னா அத வாசிங்க, அதுவும் ஜெபம்தான். சிலுவையில இயேசு சத்தம் போட்டுக் கேட்டதும் 22ம் சங்கீதத்தோட மொத வரியத்தான்.

"என் பாவத்தாலதான் இந்த வியாதியோ", "என்னைய ஏத்துப்பாரோ" இந்த ரெண்டு கேள்வியும் பெரும்பாலும் ராத்திரிலதான் வரும். மொதல் கேள்விக்கு யோவான் 9, பிறவிக் குருடன காட்டி யார் பாவம்னு சீஷர்கள் கேட்டாங்க, இவனும் பாவம் செய்யல இவன் பெத்தவங்களும் செய்யலன்னு பதில் வந்துச்சு. ரெண்டாவதுக்கு இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கின அந்தக் கள்ளன். ஞானஸ்நானம் இல்ல, காணிக்கை இல்ல, ஊழியம் இல்ல, இனி திருந்தி வாழ்ந்து காட்ட கையும் காலும் கூட விடுதலையா இல்ல, என்னை நினைத்தருளும்னு ஒரு வரி கேட்டான், "இன்றைக்கு" என்கூட பரதீசுல இருப்பன்னு பதில் கெடச்சுது. நாம சேத்து வெச்ச நல்ல காரியம் எதையும் அங்க கணக்குப் பாக்கல, அதனால அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உங்க வாழ்க்கைய தோண்டிப் பாக்காம அவர பாருங்க.

கத்தோலிக்க வீடுகளுக்கு ஒண்ணு. நோயில் பூசுதல்னா சாமியார் வந்துட்டா சாவு வந்துட்டுதுன்னு அர்த்தம்னு நெனச்சு கடைசி மூச்சு வரைக்கும் கூப்பிடாம இருக்காங்க. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் அந்த எண்ணத்த மாத்தத்தான் ரொம்ப சொல்றாங்க, கடும் நோய் வந்த உடனே வாங்கலாம், நோய் முத்தினா திரும்பவும் வாங்கலாம். நெத்தியிலயும் கையிலயும் எண்ணெய் பூசும்போது நோயாளி நினைவோட இருந்து "ஆமென்" சொல்ல முடிஞ்சா அதோட ஆறுதலே தனி. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகள்ல ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட, சொன்னா திருவிருந்த வீட்டுக்கே கொண்டு வருவார். முழுங்க முடியாதவங்களுக்கு அப்பத்துல ஒரு துணுக்கு போதும், இல்ல திராட்சரசத்துல நனச்சு உதட்டுல வெச்சா போதும், முன்னாடியே ஐயர்கிட்ட நிலைமைய சொல்லிடுங்க. அன்னைக்கு வீட்டுல எல்லாரும் சேந்து எடுங்க.

பாக்க வர்றவங்க பத்தி சொல்லியே ஆகணும். ஒரு கூட்டம் வரும், ஒண்ணேகால் மணி நேரம் சத்தமா ஜெபம், அப்புறம் காபி, அப்புறம் "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணு மாசத்துல போயிட்டாரு"ன்னு ஒரு கதை. வீட்டுல ஒருத்தர் வாசல்ல நின்னு கட்டுப்படுத்துங்க, மரியாதைக் குறைவுன்னு நெனச்சாலும் பரவாயில்ல. நீங்க போறவரா இருந்தா, யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராப்பகலா பேசாம தரையில உக்காந்திருந்தாங்க, வாய தொறந்தப்புறம்தான் எல்லாம் கெட்டுது. கைய புடிங்க, ஒரு பாட்டு மெதுவா பாடுங்க, சின்னதா ஜெபிங்க, கெளம்புங்க. ராத்திரி முழிச்சிருந்து பாத்துக்கிற மருமகளுக்கு ரெண்டு மணி நேரம் தூங்க எடம் குடுத்தீங்கன்னா அதுதான் பெரிய ஊழியம்.

ஒப்புரவாகுறது. அண்ணன் தம்பி சொத்துத் தகராறுல பேசாம இருப்பாங்க, அந்த வீட்டுல எவ்வளவு ஜெபக்கூட்டம் வெச்சாலும் படுத்திருக்கிறவருக்கு நிம்மதி இருக்காது. ஃபோன் போட்டுக் குடுங்க, "நான் செஞ்சது தப்பு, மன்னிச்சுக்கோ" இவ்வளவுதான் தேவை, யார் மேல நியாயம்ங்கிற விசாரணை வேண்டாம். அந்தப் பக்கம் ஃபோன எடுக்கலன்னா ஒரு லெட்டர் எழுதி அனுப்பிட்டு கர்த்தர்கிட்ட விட்டுடுங்க. உயில் எழுதலன்னா எழுதுங்க, பதிவு கட்டாயம் இல்ல, ரெண்டு சாட்சி கட்டாயம். ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியல, கிறிஸ்தவங்களுக்குப் பொருந்துற 1925 வாரிசுரிமைச் சட்டப்படி யாருக்கு சொத்து எழுதுறீங்களோ அவங்களோ அவங்க கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்து போட்டா, உயில் செல்லும், ஆனா அவங்களுக்கு எழுதின பங்கு செல்லாம போயிடும். வெளி ஆள சாட்சியா வைங்க.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் சந்தோஷம்னு ஒண்ணு வர்றத நான் பாத்திருக்கேன், அதுவும் கூப்பிடாமலே வரும். ஆசீர்வாதம் குடுங்க. யாக்கோபு சாகும்போது பேரப்பிள்ளைங்க தலையில கைய வெச்சு ஆசீர்வதிச்சார், கண்ணு கூட சரியா தெரியல அவருக்கு. படுத்திருக்கிறவர் எல்லாரும் தன்ன தூக்கணும் துடைக்கணும்னு ஆனப்புறம் தன்னால ஒண்ணும் ஆகலன்னு உடைஞ்சு போயிருப்பார், பேரன் பேத்தி ஒவ்வொண்ணா வந்து குனியும்போது அவர் குடுக்குறவரா மாறிடுறார், மொகமே வேற மாதிரி ஆகும். அடக்க ஆராதனைக்கு என்ன பாட்டு, என்ன வசனம், யார் பேசணும் யார் பேசக்கூடாதுன்னு அவரையே தேர்வு பண்ணச் சொல்லுங்க, இதுல நெறைய சிரிப்பும் வரும். பிடிச்ச கீர்த்தனைய பாடுங்க, சோகப்பாட்டாத்தான் இருக்கணும்னு இல்ல, கிறிஸ்மஸ் பாட்டு கேட்டா மே மாசத்துலயும் பாடுங்க. மீன் கொழம்பு ஒரு வாய் கேட்டா குடுங்க, உயிர்த்தெழுந்த இயேசுவே சுட்ட மீன வாங்கிச் சாப்பிட்டார். நாம எதிர்பாக்குறது உடம்பில்லாம எங்கயோ மெதக்குறத இல்ல, உயிர்த்தெழுதல, அதனால இந்த உடம்போட சின்னச் சின்ன ருசிக்கு நன்றி சொல்றதுல தப்பே இல்ல.

கடைசி நேரம். சாப்பாடு வேண்டாம்னா திணிக்காதீங்க, உடம்பு அத கேக்காது, புரை ஏறிடும். உதட்ட பஞ்சால நனச்சுக்கிட்டே இருங்க. மூச்சு நின்னு நின்னு வரும், தொண்டையில கரகரன்னு சத்தம் வரும், அது பாக்குற நமக்குத்தான் பயமே தவிர பெரும்பாலும் அவங்களுக்கு அது தெரியாது, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பதில் சொல்லலன்னாலும் காது கேட்டுட்டு இருக்கலாம், அதனால கட்டில் பக்கத்துல நின்னு பெட்டி எங்க வாங்கறது, கல்லறைக்கு யார்கிட்ட பேசறதுன்னு ஆரம்பிக்காதீங்க. காதுகிட்ட போய் பேர சொல்லிக் கூப்பிட்டு, நாங்க இருக்கோம், நாங்க பாத்துக்கிறோம், நீங்க நிம்மதியா போங்கன்னு சொல்லுங்க. "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்", 31ம் சங்கீதத்துல வர்றது, இயேசு சிலுவையில கடைசியா சொன்னதா லூக்கா எழுதினது, அத அவங்களுக்குப் பதிலா நீங்க சொல்லுங்க. அந்த நேரத்துல வேற எதுவும் ஞாபகத்துக்கு வரலன்னா பரமண்டல ஜெபம் போதும், வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மூச்சு நின்னப்புறம் யாருக்கும் உடனே ஃபோன் பண்ண வேண்டாம், அழுறவங்க அழட்டும், ஐயருக்கும் சொந்தக்காரங்களுக்கும் அரை மணி நேரம் கழிச்சு சொல்லிக்கலாம்.