கந்தோரில் நாள் முழுக்க மாட்டியிருக்க ஒரு ஹெட்போன்

ஹெட்போன் வாங்கப் போனால் கடையில் எல்லோரும் கேட்பது பேஸ் (அடித்தொனி) எப்படி, சத்தம் எவ்வளவு என்றுதான். இரண்டு நிமிடம் ஒரு பாட்டு ஓடும், தலை ஆடும், காசு கைமாறும். காலை எட்டரைக்கு மாட்டி மாலை நாலேகாலுக்குக் கழற்றப்போகிறவருக்கு அந்த இரண்டு நிமிடத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. சத்தம் நன்றாக இருந்தும் ஒரு ஹெட்போன் மேசை லாச்சிக்குள் போய்ச் சேர்வதற்குக் காரணம் நான்கு: இறுக்கம், பாரம், காதைச் சுற்றி உட்காரும் குஷனின் அளவு, வெக்கை. குளிரூட்டிய அறையில் இருப்பவர்கள் வெக்கையைக் கடைசியில் பார்க்கலாம். மின்விசிறிக்குக் கீழே இருந்து வேலை செய்யும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் கந்தோர்களில் அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஓப்பன்-பேக், அதாவது காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்த ஹெட்போன், காதுக்குக் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்து மேசைக்கும் கேட்கும், பக்கத்து மேசைக் கதை உங்களுக்கும் கேட்கும். குளோஸ்ட்-பேக்கில் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருப்பதால் இரண்டுமே குறையும். பதிலுக்குக் காது வியர்க்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது: குளோஸ்ட்-பேக்கில் பேஸ் ஒழுங்காக வருவது குஷன் தலையோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் மட்டும்தான். கண்ணாடிக் கால் ஒன்று குஷனைக் கொஞ்சம் தூக்கினாலே அடித்தொனி ஒழுகிவிடும். பாட்டு மெலிந்துபோனது போல இருக்கும், கை தானாகவே சத்தத்தைக் கூட்டும். தலையில் சரியாக உட்காராத ஹெட்போன் காதையும் கெடுப்பது இப்படித்தான்.

கடைக்குப் போகுமுன்

வீட்டில் ஒரு அடிமட்டத்தை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காதின் உச்சியிலிருந்து சோணை நுனி வரை உள்ள நீளம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 6 முதல் 7 செ.மீ. காதின் அகலம். மூன்றாவது, பலரும் மறப்பது: காதின் பின்விளிம்பு மண்டையிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பது. இதை வேறு ஒருவரைக் கொண்டு அளப்பது சுகம்.

குஷனின் உள்வாய் காதின் நீளத்தைவிடச் சில மில்லிமீற்றராவது கூட இருக்கவேண்டும். பெட்டியில் 'ஓவர்-இயர்' என்று எழுதியிருக்கும் பல மலிவு ஹெட்போன்களின் உள்வாய் ஐந்தரை செ.மீ. கூட வராது, அவை காதைச் சுற்றி உட்காராமல் காதின் விளிம்பிலேயே குந்தும். ஆழமும் அப்படியே. புதுக் குஷன் 2 செ.மீ. உயரம் என்றால் மாட்டியதும் அமுங்கி ஒன்றரைக்கு வந்துவிடும். காது அதைவிட வெளியே நின்றால் உள்ளே இருக்கும் துணியில் உரசிக்கொண்டே இருக்கும். முதலில் கூச்சம், பிறகு எரிவு, மத்தியானத்துக்குள் நோ.

கடையில்

குஷனைக் கட்டைவிரலால் மெல்ல அமத்துங்கள். நல்ல ஸ்பொஞ் மெதுவாக இறங்கும், விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பும். மலிந்தது உடனே அடித்தட்டில் முட்டி, விட்டதும் துள்ளும். பிறகு விரலை உள்வாய்க்குள் விட்டு, ஸ்பீக்கரை மூடியிருக்கும் துணியைத் தொட்டுப் பாருங்கள். துணிக்குக் கீழே பிளாஸ்ரிக் சட்டம் மேடாகத் தட்டுப்பட்டால், உங்கள் காது முட்டப்போகும் இடம் அதுதான்.

கந்தோருக்குப் போகும் கோலத்திலேயே கடைக்குப் போங்கள்: அதே மூக்குக்கண்ணாடி, அதே தோடு, அதே கொண்டை. சனம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், குறைந்தது இருபது நிமிடமாவது கழற்றாமல் போட்டிருக்கக் கேளுங்கள். அரை மணித்தியாலம் கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டுப் போடாவிட்டாலும் பரவாயில்லை. காது உள்ளே முட்டுவது முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் தெரியும். கண்ணாடிக் கால் அழுத்துவதும் தாடைப் பொருத்துக்குப் பக்கத்தில் இறுக்குவதும் பத்து நிமிடத்தில் தெரியவரும். உச்சந்தலை நோ கடைசியாகத்தான் வரும், ஆனால் அதுதான் சகிக்கமுடியாதது. தலைப்பட்டி ஒடுங்கியதாக இருந்தால் முழுப் பாரமும் ஒரே கோட்டில் இறங்கும். இடையில் குனிந்து கீபோர்ட்டைப் பாருங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். நழுவினாலோ, வாய் அசையும்போது பேஸ் போய்ப் போய் வந்தாலோ அந்த ஹெட்போன் உங்கள் தலைக்குரியது அல்ல.

ஒன்லைனில் கொழும்பிலிருந்து எடுப்பதானால் பெட்டி திறந்தபின் திருப்பி எடுப்பார்களா என்று முதலே கேட்டு எழுத்தில் வைத்திருங்கள். பிரபலமான மொடல்களுக்குப் போலிகள் தாராளமாக உலாவுகின்றன. உள்ளூர் முகவரின் உத்தரவாத அட்டை இல்லாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால் யோசியுங்கள். ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலோ சுவிஸிலோ இருந்து வரும் மாமா, சித்தியிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் பலர். அவர்கள் தலையில் போட்டுப் பார்த்து உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆகவே குஷன் கழற்றி மாற்றக்கூடிய மொடலாகத் தெரிந்து, அதற்குரிய மேலதிகக் குஷன் சோடி ஒன்றையும் அதே பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஹெட்போன் இங்கே கிடைத்தாலும் அதன் குஷன் பெரும்பாலும் கிடைக்காது.

வெக்கையும் குஷன் துணியும்

பெரும்பாலான ஹெட்போன்களில் வருவது பொலியுரத்தேன் பூசிய செயற்கைத் தோல். நன்றாக ஒட்டும், வெளிச்சத்தம் உள்ளே வராது, பேஸ் கட்டாக இருக்கும். ஆனால் காற்றுப் போகாது. வியர்வை, ஈரப்பதம், சூடு மூன்றும் சேர அந்தப் பூச்சு உக்கி, கறுப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். தினம் பாவித்தால் இரண்டு வருடத்துக்குள்ளேயே இது தொடங்கிவிடலாம். தலையில் தேங்காய் எண்ணெய் வைப்பவர்களுக்குத் தலைப்பட்டி முதலில் போகும்.

வெல்வெட் போன்ற வெலூர்த் துணிக் குஷன் வன்னி வெயிலுக்கு நல்லது. வியர்வை காது ஓரத்தில் தேங்கி நிற்காது, உரியாது, கண்ணாடிக் காலையும் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால் சத்தம் இரு பக்கமும் சற்றுக் கசியும், புழுதியைப் பிடித்து வைத்திருக்கும். மாரியில் ஈரத்தோடு பெட்டிக்குள் பூட்டினால் பூஞ்சணமும் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே, தோலில் சிறு துளை போட்டதும், கன்னத்தில் படும் பக்கம் மட்டும் துணி வைத்ததுமான குஷன்கள் தனியாக விற்கின்றன. மின்விசிறி மட்டுமுள்ள கந்தோருக்கு வெலூர். குளிரூட்டியும் சனக் கதையும் உள்ள கந்தோருக்குத் தோல். எங்கள் தெரிவு இதுதான்.

கண்ணாடிக்காரருக்கு மெல்லிய உலோகக் கால் உள்ள சட்டம் பெரிய உதவி. தடித்த பிளாஸ்ரிக் கால் எந்தக் குஷனையும் வெல்லும். ஜிமிக்கியும் பெரிய வளையமும் குஷனுக்குள் மடிந்து கழுத்தோரத்தைக் குத்தும், ஆகவே வேலை நாளில் சோணையோடு ஒட்டிய சிறு தோடே வசதி. ஹிஜாப்புக்கு மேல் மாட்டுகிறவர்கள் காதுப் பக்கத்தில் துணி ஒற்றை மடிப்பாக வரும்படி கட்டினால் பேஸ் இழப்புக் குறையும். ஊசியைக் குஷன் படும் இடத்தில் குத்தவேண்டாம்.

சில மொடல்கள்

வயர் உள்ளவற்றில் பெயர் எடுத்தவை ஸ்ரூடியோக்காரர் பாவிப்பவை. பேயர்டைனமிக் டி.ரி. 770 புரோ 270 கிராம். வட்டமான பெரிய குஷன், 80, 250 ஓம் வகைகளில் வெலூர், உதிரிக் குஷன் வாங்கலாம். புதிதில் இறுக்கமாக இருக்கும், வயர் கழற்ற முடியாது. 32, 80, 250 ஓம் என மூன்று வகை உண்டு (ஓம் என்பது மின்தடை அளவு). லப்டொப்பிலும் ஃபோனிலும் நேரே குத்துவதற்கு 32 அல்லது 80. 250 ஓம் வகைக்குத் தனி அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் கருவி) வேண்டும், அது தெரியாமல் வாங்கியவர்கள் சத்தம் காணாது என்று குறைப்படுவார்கள். சோனி எம்.டி.ஆர். 7506 பாரம் குறைவு, 230 கிராம், 63 ஓம். ஆனால் குஷன் மெல்லியது, தடித்த வேறு குஷன் போடாமல் நாள் முழுக்கப் போடுவது கஷ்டம். ஓடியோ-ரெக்னிகா எம்40எக்ஸ் 240 கிராம், எம்50எக்ஸ் 285 கிராம். இரண்டிலும் வயர் கழரும், குஷன் ஆழம் காணாது. சென்ஹைசர் எச்.டி. 280 புரோ வெளிச்சத்தத்தை நன்றாகவே மறைக்கும். அந்த மறைப்பு அதன் இறுக்கத்தால் வருவது, ஆகவே பெரிய தலைக்காரர் போட்டுப் பாராமல் வாங்கக்கூடாது.

புளூடூத்தில் பாரத்தை மட்டும் பார்த்தால் சோனி டபிள்யூ.எச்.-சி.எச். 720என் 192 கிராம்தான். 250 கிராமுக்கு மேற்பட்டது பிற்பகலில் கழுத்துக்குத் தெரியத் தொடங்கும்.

இரைச்சல் நீக்கும் வசதி ஜெனரேற்றர், மின்விசிறி, ஏ9 வீதியில் போகும் லொறி போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான இரைச்சலைத்தான் நன்றாகக் குறைக்கும். பக்கத்து மேசைப் பேச்சை மறைப்பது பெரும்பாலும் குஷனும் கிண்ணமும்தான். அந்த வசதியைப் போட்டதும் சிலருக்குக் காது அடைத்தது போல ஓர் அழுத்தம் வரும். கடையிலேயே போட்டுப் பாருங்கள். புளூடூத்தில் மீற்றிங் தொடங்கியதும் பாட்டும் குரலும் பழைய ரெலிபோன் போல மாறுகிறதா? பழுது அல்ல. ஹெட்போனின் மைக் திறந்ததும் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி, ஒலித்தரம் இறங்குகிறது. மீற்றிங் செயலியில் மைக்காக லப்டொப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தெரிவுசெய்தால் சரியாகிவிடும்.

இறுக்கத்தைத் தளர்த்த

தலையின் அகலத்தைக் காதுக்குச் சற்று மேலே அளந்து, அதைவிட ஒன்று ஒன்றரை செ.மீ. கூடிய புத்தக அடுக்கின் மேல் ஹெட்போனை இரவு முழுக்க மாட்டி வையுங்கள். காலையில் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் அடுத்த இரவும் அதே அகலத்தில். அவசரப்பட்டு அகலத்தைக் கூட்டவேண்டாம். தலைப்பட்டிக்குள் உலோகத் தகடு உள்ளவை இதற்கு இசையும். முழுப் பிளாஸ்ரிக் என்றால் வெடிக்கும், அதை இழுக்கவே வேண்டாம். குனியும்போது நழுவத் தொடங்கினாலோ பேஸ் குறைந்தாலோ அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இரு கைகளாலும் மெல்ல உள்ளே வளைத்துத் திருத்துங்கள்.

உச்சந்தலை நோவுக்குத் தலைப்பட்டி முழுக்கத் தடித்த துணி சுற்றுவது பலர் செய்வது. அதைவிட உச்சிக்கு இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்தில் ஸ்பொஞ் துண்டு ஒவ்வொன்றைச் சுற்றி, நடுவில் இடைவெளி விடுங்கள். பாரம் இரண்டாகப் பிரியும், உச்சியில் எதுவும் படாது.

சத்த அளவு

பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கந்தோர் வாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணித்தியாலம், 86-இல் 10. காலையில் சனம் வருமுன், அமைதியாக இருக்கும்போது போதுமான சத்தத்தை வைத்து, அந்த அளவை நினைவில் வையுங்கள். பதினொரு மணிக்குக் கை அதற்கு மேலே போனால் கூட்டாதீர்கள்; முதலில் குஷன் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கழற்றினால் காதும் காயும். பொதுசனம் வரும் கந்தோரில் ஒரு காதை வெளியே விடுவது மரியாதை. "தம்பி, ஒருக்கா இஞ்ச வாரும்" என்று மூன்றாம் முறை கூப்பிடும் ஐயாவுக்கு அது குளோஸ்ட்-பேக் என்று தெரியாது.

பராமரிப்பு

தோல் குஷனைப் பின்னேரம் வீட்டுக்குப் போகுமுன் சற்று ஈரமான துணியால் துடைத்து, காற்றுப்பட வையுங்கள். ஸ்பிரிட்டும் கிருமிநாசினித் துணியும் பூச்சைச் சீக்கிரம் உரிக்கும். வெலூரைக் கழற்றி, சவர்க்காரம் கொஞ்சம் கலந்த தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் துவாய்க்குள் அமத்தி, நிழலில் முழுதாகக் காய விடுங்கள். அரை ஈரத்தில் மாட்டினால் ஈரம் ஸ்பீக்கருக்குள் போகும். மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழே, வெயிலில் நிற்கும் வானுக்குள் வைக்கவேண்டாம். பற்றரி உள்ளவை சூட்டில் சீக்கிரம் தளரும்.

குஷன் மாற்றும்போது, பள்ளத்தில் செருகும் வகை என்றால், பழையதை ஓரத்தில் விரல் விட்டு உரித்தெடுங்கள். புதியதன் பின்பக்கத்தில் மெல்லிய ஓரம் ஒன்று இருக்கும். அதைக் கீழ்ப்பக்கத்தில் பள்ளத்துக்குள் செருகி, கட்டைவிரலால் பிடித்தபடி மற்றப் பக்கத்தை இழுத்து இழுத்துச் சுற்றிவாருங்கள். கடைசி இரண்டு அங்குலம்தான் அடம்பிடிக்கும். பழைய வங்கி அட்டையின் மழுங்கிய மூலையால் தள்ளினால் போகும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், ஸ்பீக்கர் துணி கிழியும். மாட்டியபின் ஒரு பக்கம் மட்டும் பேஸ் குறைவாகக் கேட்டால், ஓரம் எங்கேயோ பள்ளத்துக்கு வெளியே நிற்கிறது. சுற்றிவரத் தடவிப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் தடித்த குஷன் போட்டால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடைத்தூரம் மாறுவதால் ஒலியும் மாறும். மேலதிகமாக வாங்கிய செயற்கைத் தோல் குஷனை வருடக்கணக்கில் சேமிக்க முடியாது. பாவிக்காமல் இருந்தாலும் ஈரக்காற்றில் அது உக்கும். காற்றுப்புகாத பையில், துணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றோடு கட்டி, இருட்டான லாச்சியில் வையுங்கள்.