பண்புகளை ஏற்கும் ஷார்ட்கோட்: வேர்ட்பிரஸில் நான் செய்த திருத்தம்

நான் பராமரிக்கும் வேர்ட்பிரஸ் தளத்தில் ஒவ்வொரு நிறப் பொத்தானுக்கும் தனித்தனி ஷார்ட்கோட் (கட்டுரைக்குள் சதுர அடைப்புக்குறியில் இடும் குறுங்குறியீடு; அந்த இடத்தில் நிரலின் வெளியீடு தோன்றும்) எழுதப்பட்டிருந்தது. அவற்றை நீக்கிவிட்டு, நிறம், இணைப்பு, புதிய தாவலில் திறப்பதா என்பது ஆகியவற்றைப் பண்புகளாக (குறியீட்டுக்குள் தரும் பெயர்-மதிப்பு இணைகளாக) ஏற்கும் ஒரே ஷார்ட்கோடை அமைத்தேன். 2008இல் வெளியான 2.5 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் இதற்கு இடமளிக்கிறது.

முன்னிருப்பு மதிப்புகளை ‘ஷார்ட்கோட்_ஆட்ஸ்’ செயற்கூற்றிடம் ஒப்படைத்ததால், கட்டுரையாளர் எதையும் குறிப்பிடாத இடத்திலும் பொத்தான் ஒழுங்காகத் தோன்றியது. பட்டியலில் இல்லாத பண்புகளை அதுவே விலக்கிவிடுகிறது.

ஆனால், புதிய தாவலுக்கான பண்பு மட்டும் வேலை செய்யவில்லை. அதன் பெயரின் நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்று இருந்தது; வேர்ட்பிரஸோ பண்புப் பெயர்கள் அனைத்தையும் சிறிய எழுத்துகளாக மாற்றிய பின்னரே நம் நிரலுக்குத் தருகிறது. பெயரைச் சிறிய எழுத்தில், சொற்களை அடிக்கோட்டுக் குறியால் (_) பிரித்து எழுதியதும் அது சரியாயிற்று. அடுத்து, அப்பண்புக்கு ‘ஃபால்ஸ்’ (பொய், அதாவது வேண்டாம்) என்று எழுதியும் இணைப்பு புதிய தாவலிலேயே திறந்தது. பண்பின் மதிப்பு எப்போதும் எழுத்துச்சரமாகவே வருகிறது என்பதும், ‘0’ தவிர, வெறுமையல்லாத எந்தச் சரத்தையும் வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஎச்பி மெய் என்றே கொள்ளும் என்பதும் இதற்குக் காரணம். சரத்தை மெய் அல்லது பொய்யாக மாற்றித் தரும், வேர்ட்பிரஸின் ‘டபிள்யூபி_வேலிடேட்_பூலியன்’ செயற்கூற்றின் வழியாக அம்மதிப்பைச் செலுத்தியதும் தீர்ந்தது.

இன்னொரு சிக்கல், பொத்தான் தன் இடத்தில் தோன்றாமல் கட்டுரையின் உச்சியில் போய் நின்றது; வெளியீட்டை உடனே அச்சிட்டுவிடும் ‘எக்கோ’ கட்டளை பழைய நிரலில் இருந்ததே அதற்குக் காரணம். அதை, வெளியீட்டை வேர்ட்பிரஸிடமே திருப்பித் தரும் ‘ரிட்டர்ன்’ ஆக்கினேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது பாதுகாப்பையே: இணைப்பை ‘எஸ்க்_யூஆர்எல்’ கொண்டும், நிறத்தை ‘எஸ்க்_ஆட்டர்’ கொண்டும் தூய்மைப்படுத்திய பின்னரே வெளியிடுகிறேன்.