குவாண்டம் புள்ளி மங்கலாக ஒளிர்கிறதா? ஓடு போடுங்கள்

சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்திப் படிகங்களான காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளைத் தயாரித்துப் புற ஊதா விளக்கில் காட்டினால் மங்கலாகத்தான் தெரிகிறதா? அளவை மாற்றிப் பயனில்லை, அது முக்கியமாக நிறத்தைத்தான் மாற்றும். கோளாறு மேற்பரப்பில். இவ்வளவு சின்னப் படிகத்தில் கணிசமான அணுக்கள் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், அவற்றில் பிணைப்பு கிடைக்காதவற்றில் எலக்ட்ரானோ துளையோ (எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடம்) மாட்டிக்கொண்டால், ஒளியாக வரவேண்டிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடும்.

முதலில் ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள், கண்ணை நம்ப வேண்டாம். எத்தனாலில் கரைத்த ரோடமைன் 6ஜி சாயம் (ஒளிர்திறன், அதாவது விழுங்கிய ஒளித்துகள்களில் திரும்ப ஒளியாக வரும் பங்கு, சுமார் 95%) ஒப்பீட்டுக்குப் போதும். இரண்டு கரைசலிலும் உட்கவர்தல் (ஒளியை விழுங்கும் அளவு) 0.1-க்குக் கீழே இருக்கட்டும். புள்ளிகள் ஹெக்சேனில் இருந்தால் ஒளிவிலகல் எண் திருத்தத்தையும் மறக்காதீர்கள்.

அப்புறம் ஜிங்க் சல்பைடு ஓடு, அதாவது புள்ளியைச் சுற்றி மூடி, வெளிப்பக்க அணுக்களுக்குப் பிணைப்பு தரும் மெல்லிய உறை. 1996-லேயே ஆய்வாளர்கள் ஹைன்ஸும் கியோ-சியோனெஸ்ட்டும் இப்படி ஓடு போட்டு, அறை வெப்பநிலையில் 50% ஒளிர்திறனைக் காட்டிவிட்டார்கள். ஆர்கானிலோ நைட்ரஜனிலோ வைத்து, துத்தநாக, கந்தகக் கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் ஜிங்க் சல்பைடு தனியாகவே படிகமாகிவிடும், ஓடு ஏறாது. சூட்டைக் கூட்டினாலும் ஆபத்து: சின்னப் புள்ளிகள் கரைந்து பெரியவற்றில் சேரும். அவ்வப்போது ஒரு துளி எடுத்து நிறமாலை பாருங்கள். ஒளிர்வின் உச்சி லேசாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்தால் சரி, அகலமானால் சூட்டைக் குறையுங்கள்.

ஓடு தடிக்கத் தடிக்க ஒளி கூடிக்கொண்டே போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படி இல்லை. காட்மியம் செலினைடுக்கும் ஜிங்க் சல்பைடுக்கும் படிக அணிக்கோவையில் (அணுக்களின் இடைவெளியில்) சுமார் 12% வித்தியாசம், அதனால் ஒன்றிரண்டு அடுக்கு தாண்டினாலே இறுக்கம் கூடிப் புதுக் குறைகள் வரும். தடித்த ஓடுதான் வேண்டுமென்றால் நடுவில் காட்மியம் சல்பைடு வையுங்கள், காட்மியம் செலினைடோடு அதற்கு வித்தியாசம் 4% அளவுதான்.

கழுவும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறோம். மெத்தனால் விட்டு மூன்றாவது முறை வீழ்படிவாக்கியபோது, பளிச்சென்று இருந்த என் கரைசல் மங்கிவிட்டது, புள்ளிகளின் மேற்பரப்பை மூடிக் காக்கும் ஓலிக் அமிலத்தையும் சேர்த்தே கழுவி எடுத்திருக்கிறேன்! இரண்டு முறையோடு நிறுத்துங்கள், மங்கினால் கொஞ்சம் ஓலிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள்.

தங்க நானோ துகளை அருகில் வைத்து ஒளியைக் கூட்டலாம்தான், ஆனால் ஒட்டி வைத்தால் தங்கமே ஒளியை விழுங்கிவிடும், நடுவில் சில நானோமீட்டர் சிலிக்கா இடைவெளி தேவை. ஓடு சரியாக வராதவரை அந்தப் பக்கம் போகாதீர்கள். காட்மியம் நஞ்சு, கையுறை போட்டு, புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே வேலையை முடியுங்கள்.