முதல் முறை நெய் பிஸ்கட் சுடுகிறவர்களுக்கு: மூன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றதை உருட்டுங்கள்

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு நானே பிஸ்கட் சுடுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அளவு கேட்டதற்கு அத்தை சொன்னது: "ஒரு குவளை நெய், முக்கால் குவளை சீனி, மாவு பிடிக்கிற அளவு." நெய்யும் சீனியும் சரி. அந்தப் 'பிடிக்கிற அளவு' எவ்வளவு என்று கேட்க வெட்கமாக இருந்தது. தட்டில் வரிசையாக முப்பது உருண்டை வைத்தேன். ஓவனைத் திறந்தபோது முப்பதும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ரொட்டியாகக் கிடந்தது. சுவைக்குக் குறைவில்லை, கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டோம். விருந்தாளிக்கு வைக்கத்தான் முடியவில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைச் சுஜி பிஸ்கட் என்பார்கள். சுஜி என்றால் ரவை. ஆனால் இப்போது பெரும்பாலான வீடுகளில் ரவை போடுவதில்லை, வெறும் மைதாதான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. முட்டை கிடையாது, அச்சு தேவையில்லை, மின்கலக்கி தேவையில்லை. புதிதாகச் சுட ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பிஸ்கட் எனக்குத் தெரியாது.

வாங்க வேண்டியவை

ஏறக்குறைய 60 சிறிய பிஸ்கட்டுக்கு:

மைதா மாவு – 330 கிராம் (வறுத்த பிறகு 300 கிராம் எடுத்துக்கொள்வோம்)
நெய் – 180 கிராம்
ஐசிங் சீனி – 120 கிராம்
சோடா உப்பு – அரைத் தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
ஏலக்காய்த்தூள் அல்லது வெனிலா – ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக
பாண்டான் இலை (ரம்பை இலை) – 3

மைதா என்று கேட்டால் பேரங்காடியில் விழிப்பார்கள். பொட்டலத்தில் 'பிளைன் ஃபிளார்' என்று போட்டிருப்பதுதான் அது. பக்கத்திலேயே 'செல்ஃப் ரைசிங்' என்று ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே உப்பவைக்கும் தூள் கலந்திருக்கிறது.

நெய்யில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இந்த பிஸ்கட்டின் வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் பல வீடுகளில் க்யூபிபி என்ற நெய் டின்தான் வாங்குவார்கள், நானும் அதுதான். தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) கிடைக்கும் ஊர் நெய்யிலும் சுட்டிருக்கிறேன், நன்றாகவே வந்தது. ஆனால் வனஸ்பதி வேண்டாம், மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும்.

வெண்ணெய் இருக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பீர்கள். போட்டால் வேறு பிஸ்கட் வரும். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீர் பட்டால் மாவில் பசைத்தன்மை வந்துவிடும். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் இது கடிக்காமலேயே நாக்கில் உதிர்கிறது.

சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். குவளைக் கணக்கில் மாவு ஒருநாள் அழுத்தமாக விழும், ஒருநாள் லேசாக விழும். அத்தைக்குக் கையே தராசு. நமக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை.

முதல் நாள் இரவு: மாவை வறுப்பது

அகலமான வாணலியில் மாவைக் கொட்டி, பாண்டான் இலைகளைக் கழுவி, நன்றாகத் துடைத்து, இரண்டாக மடித்துப் போடுங்கள். சின்னத் தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். நிறம் மாறக் கூடாது. எவ்வளவு நேரம் என்பதை இலையே சொல்லும். பச்சையாகத் துவண்டு கிடந்த இலை சுருங்கி, விரலில் நொறுங்குகிற மாதிரி காய்ந்துவிட்டால் மாவிலும் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். எனக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாள் பலகாரத்துக்குச் செய்கிற வழி இது. அடுத்த வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வறுக்காமலும் சுடலாம். ஆனால் வறுத்த மாவில் பச்சை வாசனை இருக்காது, பிஸ்கட்டும் இன்னும் பொலபொலவென்று வரும்.

மாவு முழுதாக ஆற வேண்டும். என் முப்பது உருண்டையும் ரொட்டியானதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த அவசரம்தான். வெதுவெதுப்பான மாவை நெய்யில் கொட்டினேன், நெய் உருகி எண்ணெயாகிவிட்டது. முதல் நாள் இரவே வறுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றில் விடிவதற்குள் மறுபடி ஈரம் ஏறிவிடும். காலையில் சலித்து, 300 கிராம் நிறுத்து எடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள், தேவைப்படலாம்.

நெய்யின் பதம்

சமையல் குறிப்புகளில் 'அறை வெப்பத்தில் உள்ள நெய்' என்று எழுதியிருப்பார்கள். யாருடைய அறை? இங்கே மத்தியானம் முப்பது டிகிரியைத் தாண்டும் வீட்டில் நெய் பாதி நீராகவும் பாதி மணல்மணலாகவும் நிற்கும். அப்படி இருந்தால் அளந்த நெய்யைக் கிண்ணத்தோடு குளிர்ப்பெட்டியில் இருபது நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். கெட்டித் தயிர் மாதிரி, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல நகர வேண்டும். கல்லாகிவிட்டால் சும்மா வெளியே வையுங்கள், அடுப்பில் காட்ட வேண்டாம்.

பிசைவது

பிசைவது என்கிறேனே தவிர, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்துவிடாதீர்கள். நெய்யையும் ஐசிங் சீனியையும் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் அடித்தால் நிறம் வெளுத்து, லேசாகும். சாதாரணச் சீனி இதில் கரையாது, பல்லில் நறநறக்கும். வெனிலா அல்லது ஏலக்காய் சேருங்கள்.

300 கிராம் மாவிலிருந்து 260 கிராமை மட்டும் எடுத்து, சோடா உப்பையும் உப்பையும் அதில் கலந்து நெய்யில் சேருங்கள். சோடாவை அளவுக்குமேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும். விரல் நுனியால் கலந்து, பிறகு மீதி மாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். நெய் உருண்டை பிடித்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். விரல் தடம் பதிய வேண்டும், கையைத் திறந்தால் உதிரக் கூடாது, மேலே நெய் மினுமினுக்கவும் கூடாது. அத்தை சொன்ன 'பிடிக்கிற அளவு' இதுதான். 40 கிராமும் உள்ளே போகாமலேயே அந்தப் பதம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றே மூன்று உருண்டை

ஓவனை 160 டிகிரியில் வைத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். காற்றாடி ஓடும் வகை என்றால் 150 போதும். பத்துப் பத்துக் கிராமாக மூன்றே உருண்டை உருட்டி, பேக்கிங் தாள் விரித்த தட்டில் வைத்து, பதினாறு நிமிடம் சுடுங்கள். மீதி மாவை மூடி வையுங்கள்.

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் நாம் வைத்திருக்கும் மேசை ஓவன்களில் குமிழில் காட்டும் சூடு ஒன்று, உள்ளே இருக்கும் சூடு இன்னொன்று. என்னுடையது பத்து டிகிரி கூடுதலாக எரியும். உங்களுடையது எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மூன்று உருண்டைதான் சொல்ல வேண்டும்.

வெளியே எடுத்ததும் தொட்டுப் பார்த்து 'வேகவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். சூட்டில் எல்லா நெய் பிஸ்கட்டும் மெத்தென்றுதான் இருக்கும். பத்து நிமிடம் ஆறட்டும். அப்புறம் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்.

காசு மாதிரித் தட்டையாகப் பரவியிருந்தால் நெய் இளகியிருக்கிறது. மாவை இருபது நிமிடம் குளிரவைத்து இன்னும் இரண்டைச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் பரவினால் ஒதுக்கி வைத்த மாவில் ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். வைத்த உருண்டை வைத்தபடியே, ஒரு கீறலும் விழாமல், தின்றால் தொண்டையை அடைக்கிறதா? மாவு கூடிவிட்டது, ஒரு தேக்கரண்டி நெய் விட்டு உதிர்த்துக் கலக்குங்கள். அடி கறுத்து மேலே வெளுத்திருந்தால் பதத்தில் குறையில்லை. தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள், அல்லது அடியில் இன்னொரு தட்டைச் சேர்த்து வையுங்கள். நடுவில் ஈரமாக, மாவு வாசனையோடு இருந்தால் பத்து டிகிரி குறைத்து மூன்று நான்கு நிமிடம் கூட்டுங்கள்.

சரியாக வந்த பிஸ்கட் மேலே வெளிர் மஞ்சளாக, மெல்லிய கீறல்களோடு இருக்கும். அடிப்பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். மேற்புறம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் நெய் வாசனை போய்க் கருகல் வந்துவிடும்.

மீதி எல்லாம்

இனி வேலை ஓடிவிடும். பிள்ளைகளை உருட்டச் சொல்லுங்கள். முதல் பத்து உருண்டையைத் தராசில் நிறுக்கச் சொன்னால் போதும், அதற்குப் பிறகு கண்ணே அளந்துவிடும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வைத்தால் சிறியது கருகும். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு விரல் இடம் விடுங்கள். மேலே பாதி முந்திரி வைக்கலாம். நான் வைப்பதில்லை, வருகிற பிள்ளைகளில் யாருக்காவது கொட்டை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நிறமணிகள் தூவுவதாக இருந்தால் பொட்டலத்தில் ஜெலட்டின் இருக்கிறதா, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாதி டப்பா மக்சிக் வீட்டுக்குத்தானே போகப்போகிறது.

ஓவன் இல்லாதவர்கள் ஏர் ஃபிரையரில் 150 டிகிரியில் சுடலாம். பத்தாவது நிமிடமே எட்டிப் பாருங்கள். தாளின் நான்கு மூலையிலும் உருண்டையை வையுங்கள், இல்லாவிட்டால் காற்றில் தாள் பறந்து பிஸ்கட்டை மூடிவிடும்.

டப்பாவில் போடுவது

சுட்டதும் ஐந்து நிமிடம் தட்டிலேயே விடுங்கள், அதற்கு முன் தூக்கினால் நொறுங்கும். பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றி முழுதாக ஆறவிடுங்கள். கொஞ்சம் சூடு இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்து நமுத்துப் போகும். அதே சமயம் ஆறிய பிஸ்கட்டை மணிக்கணக்கில் வெளியே விடவும் கூடாது. தீபாவளி நேரம் மழைக்காலம், பிஸ்கட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும். அதைக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக வைத்தால் எடுக்கும்போது உதிராது. பலகாரக் கடைகளில் பார்த்த அதே வடிவமும் வந்துவிடும். ஓமப்பொடியோடு ஒரே டப்பாவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

நல்ல மூடி இருந்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். அதற்குள் மெத்தென்று ஆகிவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடுகாட்டி, மறுபடி முழுதாக ஆறவிட்டு மூடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு இதுவரை தேவைப்பட்டதில்லை. டப்பாவை அலமாரியில் எங்கே ஒளித்து வைத்தாலும் அத்தை கண்டுபிடித்துவிடுகிறார்.