டயாலிசிஸை எப்போது தொடங்குவது? ஓர் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள்

"கிரியாட்டினின் எட்டைத் தொட்டுவிட்டது, இனி டயாலிசிஸ்தான்." சிறுநீரக மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. பக்கத்திலேயே இன்னொருவர், "அவசரப்படாதீர்கள், தள்ளிப்போடலாம் என்று ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறது" என்பார். அவர் சொல்லும் ஆராய்ச்சி உண்மையானது. அதைப் பாதியில் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

ப்ரூஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 32 மையங்களில் நடத்திய 'ஐடியல்' ஆய்வு அது. 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. 828 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 10 முதல் 14 மில்லி லிட்டர் இருக்கும்போதே ஒரு பிரிவினருக்கு டயாலிசிஸ் தொடங்குவது, மற்றவர்களுக்கு அது 5 முதல் 7 வரை இறங்கும்வரை காத்திருப்பது என்று திட்டம். முன்கூட்டித் தொடங்கும் பிரிவின் 404 பேரில் 152 பேரும், காத்திருந்த 424 பேரில் 155 பேரும் இறந்தார்கள். சீக்கிரம் தொடங்கியதால் ஆயுள் கூடவில்லை.

இதை மட்டும் படித்துவிட்டு 'ஐந்துக்கு வரும்வரை மருத்துவமனைப் பக்கமே போக வேண்டாம்' என்று முடிவு செய்வதுதான் மிகப் பெரிய தவறு. காத்திருக்கச் சொன்ன பிரிவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர், அளவு 7க்கு இறங்கும் முன்பே டயாலிசிஸ் தொடங்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் உடல் காட்டிய அறிகுறிகளே காரணம். இரு பிரிவினருக்கும் இடையே கிடைத்த கால வித்தியாசம் சுமார் ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதமும் அவர்கள் மருத்துவர்களின் கண்பார்வையில் இருந்தார்கள். வீட்டில் சும்மா தள்ளிப்போட்டவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்படுவதும் தவறுதான். அது தசையிலிருந்து வருவது. ஒடிந்து விழுவதுபோல் இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் உடல் உழைப்பில் உரமேறிய முப்பது வயது இளைஞருக்கும் அறிக்கையில் ஒரே எண் இருக்கலாம். பாட்டியின் சிறுநீரகம் இளைஞருடையதைவிட மிகவும் மோசமாக இருக்கும். ஆகவே வடிகட்டும் அளவைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக உடம்பைக் கவனியுங்கள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறதா, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, மாத்திரைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா? இவற்றை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடும்பத்துக்குச் செலவாகுமே என்று மறைப்பவர்கள் பலர். அது மனதை வருத்துகிறது.

டயாலிசிஸுக்குத் தயார்செய்ய வேண்டிய கைக்கு வருவோம். இங்கே நடக்கும் தவறுதான் எனக்கு அதிக ஆதங்கம் தருகிறது. இரத்த டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை, செய்துகொள்ள இருப்பவர்களுக்குப் பொதுவாக ஃபிஸ்டுலாவே நல்ல வழி. தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவர்கள் 1966இல் மணிக்கட்டில் செய்து வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் இணைத்த சிரை தடித்து ஊசி தாங்கும் நிலைக்கு வரப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். தள்ளிப்போடும் காலத்தில் இதைச் செய்யாமல் விட்டால், மூச்சு முட்டும் இரவில் அவசரமாகக் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். அதில் கிருமித்தொற்று அபாயம் மிக அதிகம்.

ஆகவே ஃபிஸ்டுலாவுக்காக இப்போதே ஒரு கையை ஊசி படாமல் காப்பாற்றி வையுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் அது இடக்கை. இரத்தம் எடுக்க வருபவரிடம் "இந்தக் கை வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா வைத்தபின் தினமும் காலையில் அதன்மேல் விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். ஒருநாள் அது தெரியவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.